காலகேயர் பேசிய பிள்ளை மொழி

'பாகுபலி' முதல் பாகத்தில், படையெடுத்து வரும் காலகேயர் கூட்டத்தின் தலைவன் இங்கோசி வாயைத் திறக்கிறான். அந்த வேடம் போட்ட பிரபாகர் பல்லைக் கடித்துத் துப்பிய சொற்களில் ஒன்றுகூட அரங்கில் யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் ஆள் நல்ல எண்ணத்தோடு வரவில்லை என்பது கடைசி வரிசை வரைக்கும் புரிந்தது. 2015 ஜூலையில் திரைக்கு வந்த அந்த மொழியின் பெயர் கிளிக்கி. அது முளைவிட்டதோ ஆஸ்திரேலியாவில், குழந்தைகளோடு ஆடிய ஒரு விளையாட்டில்.

அதை உருவாக்கிய மதன் கார்க்கி அப்போது சினிமாவுக்குப் பாட்டெழுத வந்திருக்கவில்லை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். இடையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலை. பிள்ளைகளுக்குப் பொழுது போகவேண்டுமே, புதிதாக ஒரு மொழி செய்வோம் என்று இறங்கியதில் சுமார் நூறு சொற்கள் சேர்ந்தன. அதற்கு 'க்ளிக்' என்று பெயர். பல ஆண்டுகள் கழித்து, காலகேயருக்கென்று தனிப் பேச்சு வேண்டும் என்ற நிலை இயக்குநர் ராஜமௌலியின் 'பாகுபலி'யில் வந்தபோது, அந்த விளையாட்டுச் சாமானைத்தான் கார்க்கி தூசி தட்டி எடுத்தார். படத்துக்காக அது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக வளர்ந்தது.

அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. எதிர்ப்பொருள் வேண்டுமா, சொல்லைத் தலைகீழாக்கு. ஒரு சொல்லை மனப்பாடம் செய்தால் இன்னொன்று இலவசம். மொழியியல் படித்தவர் இதைச் செய்யத் தயங்குவார். எட்டு வயதுப் பிள்ளை தயங்காது. ('விகடகவி' மாதிரி ஒரு சொல் வந்து மாட்டினால் எதிர்ச்சொல்லுக்குத் திண்டாட வேண்டியதுதான்.)

சந்தவாசலில், ஜவ்வாது மலையடிவாரத்தில், நாங்கள் சிறுவயதில் பேசியது 'க' பாஷை. எழுத்துக்கு எழுத்து முன்னால் ஒரு 'க' போடவேண்டும். 'நீ வா' என்பது 'கநீ கவா' ஆகிவிடும். வேகமாகப் பேசினால் பெரியவர்கள் விழிப்பார்கள், அவ்வளவுதான் அதன் பயன். இந்த மறைப்பு வேலை நமக்குப் பழசு. நன்னூல் இதற்குக் குழூஉக்குறி என்று பெயர் வைத்துத் தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது; பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகாரர்கள் தரும் உதாரணம். ஆனால் தட்டானின் பேச்சிலும் எங்கள் 'க' பாஷையிலும் உள்ளே ஓடியது தமிழ் இலக்கணம்தான். மேலே மட்டும் வேறு சட்டை. கிளிக்கி அப்படியில்லை. அதற்கென்று தனிச் சொல், தனி விதி.

இன்னொன்று, மிரட்டுவது ஓசையின் வேலை. புரியாத சொல்லே காலகேயரை அந்நியர் ஆக்கியது. தமிழில் பார்த்தவருக்கும் தெலுங்கில் பார்த்தவருக்கும் இங்கோசி ஒரே மொழியில்தான் உறுமினான்.

இப்படி ஒருவர் உட்கார்ந்து உருவாக்கும் செய்மொழிகளைச் சின்னதாகவே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. கனடாவின் சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட தோக்கி போனா என்ற மொழியில் சொற்களே ஏறக்குறைய 120தான். மற்றதையெல்லாம் அவற்றை ஒட்டிச் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். கிளிக்கி எதிர்ப்பக்கம் நடந்தது. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று அதற்கான இணையதளத்தை ராஜமௌலி தொடங்கிவைத்தார். அப்போது சொற்கள் சுமார் 3,000; எழுதுவதற்கு 22 குறிகள். எனக்கென்னவோ அந்த நூறு சொல் காலத்துக் 'க்ளிக்'கைப் பார்க்கத்தான் ஆசை. ஆனாலும் கார்க்கியின் கணக்கு புரிகிறது: போருக்கு நிற்பவனுக்கு மிரட்டத் தெரிந்தால் போதும், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 'சாப்பிட்டாச்சா' என்றும் கேட்கப் பார்ப்பார்கள்.