பாலம் கட்டியவர் பெயர் என்ன?

"கடாரம் கொண்டான்!" மேடையிலே இந்தப் பட்டம் முழங்கும்போது எழும் கையொலியை நாம் அறிவோம். கல்லூரி நாட்களில் நாமும் கை வலிக்கத் தட்டியவர்கள்தாம். தட்டியது தவறன்று. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கலங்கள் கடல் கடந்து சென்று கடாரத்தை வென்றன என்பதற்குக் கல்வெட்டே சான்று. ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. அதே கடாரத்தில், இன்று கெடா என வழங்கும் அந்த மண்ணில், ஒன்பது நூற்றாண்டு கழித்துத் தமிழன் என்னவாக இருந்தான்? வாளேந்தி நின்றானா? இல்லை. பால்மரம் வெட்டும் கத்தியேந்திக் குனிந்து நின்றான்!

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நாம் புறப்படவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் புறப்பட்டோம். பழனி மலைத் தொடரில், கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் நமக்கு, ஏட்டிலே படித்த சயாம் நாட்டுத் தலைநகரை ஒருமுறை நேரில் காண ஆசை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கையில். உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் துணை. சென்ற கோடை விடுமுறையில் மலையிறங்கினோம். வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள், வெட்கப்பட்டுத் திரும்பினோம்.

பாங்காக் அழகிய நகரம். 1782இல் முதலாம் இராமா என்னும் மன்னன் எழுப்பிய அரண்மனை வெயிலில் பொன்னாய் மின்னுகிறது. அதன் மதிலுக்குள்ளேயே மரகத புத்தர் கோயில். அரண்மனை வேண்டாம் என்று துறந்து போனவர் புத்தர். அவரையே அரண்மனைக்குள் குடியேற்றி, பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மும்முறை பொன்னாடை மாற்றுகிறார்கள்! துறந்தவரையும் விடுவதில்லை மன்னர் கூட்டம்.

கோயிலைச் சூழ்ந்த நீண்ட மண்டபச் சுவரெங்கும் இராமகியேன் ஓவியம். சயாம் மொழியில் இராமாயணம். 178 பகுதிகள். பொன்வண்ணம் பூசிய போர்க்களங்கள். ஓரிடத்தில் குரங்குகள் கல் சுமந்து கடலிலே அணை கட்டுகின்றன. ஓவியர் கை வண்ணத்தை வியந்து அங்கே நெடுநேரம் நின்றோம். அந்தக் காட்சி பின்னர் நம்மைச் சுடப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நகரின் நடுவே செந்நிற ஊஞ்சற் கம்பம் வானளாவ நிற்கிறது. முதன்முதலில் அதை நட்டது 1784இல். ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. அருகே அரசவைப் பார்ப்பனரின் தேவத்தானம். அங்கு நடைபெறும் விழாவின் பெயர் திரியம்பவாய். திருவெம்பாவையே இப்படி மருவியது என்பர் அறிஞர். எந்த நூற்றாண்டிலோ கடல் கடந்த தமிழ்ப் பாட்டு, ஓதுவோர்க்கே பொருள் விளங்காத மந்திரமாகி, இன்றும் ஒலிக்கிறதாம். நண்பர் மார்பு நிமிர்த்தினார். "பார்த்தீர்களா, தமிழின் பெருமையை!" என்றார். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் காலை வரைதான் நிலைத்தது.

மறுநாள், ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தோன்புரி நிலையத்தில் இரயிலேறினோம். போய்ச் சேர்ந்த ஊர் காஞ்சனபுரி. பொன்னகரம் என்று பொருள்படும் பெயர்! அவ்வழியே செல்கிறது, உலகம் மரண இரயில் என்று அழைக்கும் பாதை.

வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகவே, காட்டையும் மலையையும் பிளந்து சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில் பாதை அமைக்க ஜப்பான் முடிவு செய்தது. நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் கூடி முடிந்தது. எந்திரத்தால் அன்று, பெரும்பாலும் மனிதன் கையால்! மண்வெட்டி, சம்மட்டி, கூடை, இவையே கருவிகள்.

யாருடைய கை? சிறைப்பட்ட நேச நாட்டுப் போர்வீரர் 60,000க்கு மேற்பட்டோர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இது உலகறிந்த செய்தி. உலகம் அறியாத செய்தி ஒன்றுண்டு. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், தமிழர் என ஆசியத் தொழிலாளர் சுமார் இரண்டு இலட்சம் பேர் அங்கே உழைத்தனர். மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் மட்டும் 70,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்ட ஆசியர் எத்தனை பேர்? 70,000 என்பாரும் உண்டு. 90,000 என்பாரும் உண்டு. இடையே உள்ள இருபதாயிரம் பேர் இருந்தார்களா, இறந்தார்களா என்று கூடச் சொல்ல ஆளில்லை!

எப்படிப் போனார்கள்? போரால் ரப்பர் ஏற்றுமதி நின்றது; தோட்டங்களில் பசி புகுந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று ஆசை காட்டினர். நம்பிச் சிலர் போயினர். திரும்பி வருவோர் இல்லை என்று தெரிந்ததும் மற்றவர் மறுத்தனர். மறுத்தவரை லாரியில் அள்ளிச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துச் சென்ற கதையை மலேயாத் தமிழர் இன்றும் சொல்கின்றனர். 1943இன் மழைக்காலத்தில் காலரா வந்தது. குடிசை குடிசையாகச் செத்தனர். எரிக்க விறகில்லை, புதைக்க வலுவில்லை.

காஞ்சனபுரியில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி. ஒவ்வொரு கல்லறையிலும் பெயர்ப் பலகை, வயது, படைப்பிரிவு. இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று நம் வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை கண்டு நாம் பொறாமைப்படவில்லை. அவர்களும் பசியால் துடித்தவர்கள்தாம். ஆனால் கேட்டோம்: எங்கள் தமிழர் எங்கே?

விடை 1990இல் ஒரு கரும்புத் தோட்டத்தில் கிடைத்தது. காஞ்சனபுரியில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக் கூடுகள் குவியலாக வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர் என்றனர். ஆற்றோரம் ஒரு நினைவுத் தூண் உண்டு. 1944இல் ஜப்பானியப் படையே நிறுவியது. அதிலே பல மொழிகளுடன் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சாகடித்தவன் இரங்கல் எழுதத் தமிழைத் தேடினான். செத்தவன் பெயரை எழுத யாருமில்லை. 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருது பெற்ற குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய திரைப்படத்திலும் தமிழனுக்குக் கதை இல்லை. நம்மவர் நடுகல் ஒன்றை அந்த ஊரில் நாட்டியது 2023இல்தான். எண்பது ஆண்டு கழித்து!

பாலத்தின் மேல் நின்றபோது அந்தச் சுவரோவியம் நினைவுக்கு வந்தது. கதையிலே அணை கட்டிய குரங்குக்கு அரண்மனைச் சுவரில் இடமுண்டு. வரலாற்றிலே பாலம் கட்டிய தமிழனுக்கு ஒரு பலகையில் பெயரில்லை. மன்னன் விழாவுக்குப் போன தமிழ் சிதைந்தேனும் பிழைத்தது; மண் சுமக்கப் போன தமிழன் மண்ணாகவே போனான்.

ஏன் இந்த வேறுபாடு? வெள்ளையன், கறுப்பன் என்பது ஒரு காரணம். அதோடு நின்றுவிட்டால் நாம் நம்மையே ஏமாற்றுகிறோம். போர்வீரனுக்குப் பட்டாளத்துப் பதிவேடு இருந்தது. கூடவே சிறைப்பட்ட அதிகாரிகளும் மருத்துவர்களும், காவலர் கண்ணுக்கு மறைத்து, இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி வைத்தனர். தமிழனுக்கு அதிகாரியில்லை, மருத்துவரில்லை. எழுதத் தெரிந்தவரும் மிகச் சிலரே. எழுத்தை மறுத்தது ஜப்பானியனா? இல்லை! அவன் கப்பலேறுமுன்பே, அவன் பிறந்த ஊரிலேயே, "உனக்கெதற்குப் படிப்பு?" என்று கேட்டுத் துரத்திய சாதி மறுத்தது. நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கங்காணியின் பின்னே நின்றபோதே அவன் பாதிப் பெயரை இழந்திருந்தான்.

தென் சயாமில் குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு உரைகல் கிடைத்தது. "பெரும்பதன் கல்" என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்கின்றனர். பொன் உரைத்துப் பார்க்கும் கல். அதன் உடைமையாளன் பெரும்பதன். அவன் மன்னனல்லன், தொழில் செய்தவன். ஆனால் எழுத்து அவன் தொழிலோடு இருந்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு கடந்தும் அவன் பெயர் நிற்கிறது. எண்பது ஆண்டுக்கு முன் செத்த பல்லாயிரவர் பெயர் நிற்கவில்லை. எழுத்தறிவு என்பது வேலைவாய்ப்புக்கு மட்டுமன்று தோழர்களே. மனிதன் இருந்தான் என்பதற்கான சான்று அது.

அட்டுவம்பட்டி திரும்பினோம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பாதைக்கு ஒரு வெள்ளை அதிகாரியின் பெயரே வழங்குகிறது. நூறு முறை அதில் ஏறியிறங்கியவர்கள் நாம். பாறை பிளந்தவர் யார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. பள்ளி திறந்ததும் இரயில் பாதையின் கதையை வகுப்பில் சொன்னோம். ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, அந்தப் பாலம் கட்டுனவங்க பேரெல்லாம் என்ன?"

நம்மிடம் விடையில்லை. ஆகவே வேலை ஒன்று கொடுத்தோம். "உங்கள் குடும்பத்தில் யாரேனும் மலேயா போய்த் திரும்பாமல் இருந்தார்களா? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்." நான்கு தாள்கள் வந்தன. மூன்றில் பெயர் இருந்தது. நான்காவதில் ஒரே வரி: "பாட்டியோட பெரியப்பா, பேரு மறந்துபோச்சாம்."

இளைஞர்களே, கடாரம் கொண்டவன் பெயர் கல்லிலே பத்திரமாக இருக்கிறது; அதைக் காக்க நம் கையொலி தேவையில்லை. கடாரத்தில் உழைத்து, சயாம் காட்டில் செத்தவன் பெயர் ஒரு கிழவியின் நினைவில் மட்டும் இருக்கிறது. அந்தக் கிழவிக்கும் வயதாகிறது. உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள். கேட்டதை இன்றே எழுதுங்கள்.