பாரிஸ் நாடக மேடையிலிருந்து வடசேரி வீட்டுக் கூடம் வரை



சென்ற விடுமுறைக்கு வந்த பேரன், வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஐந்து ஸ்பீக்கர்களையும், தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியாக ஒரு பெட்டியையும் இணைத்துவிட்டுப் போனான். 5.1 என்கிறார்களே, அதுதான். ஒரு கச்சேரிப் பதிவை ஓட விட்டதும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "பொறத்த நின்னு யாரோ கை தட்டுகாங்கல்லா!" என்று திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நான்கு வருடமாக வலது காது மந்தம். சோதித்த டாக்டர், "உயர்ந்த சுருதிகள் உங்களுக்கு இனி கேட்காது" என்று கோடு போட்ட காகிதத்தைக் காட்டினார். அதன்பிறகு கச்சேரிக்கும் திருவிழாவுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன். கூட்டத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பிவிடும். இப்படிப்பட்ட காதுக்கு இத்தனை பெட்டிகள் எதற்கு? அந்தக் கேள்விதான் என்னை இந்தச் சரித்திரத்தைத் தேட வைத்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். விக்தோர் உய்கோவை மனப்பாடம் செய்தோம். ஆனால் அவர் 1881-இல் தொலைபேசிக் குழல்களைக் காதில் வைத்து நாடக மேடைப் பாட்டைக் கேட்டார் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்காக கிளெமான் அதேர் என்ற பொறியாளர், ஆபெரா மேடையின் விளிம்பில் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்தார். கண்காட்சி அரங்கில் இருந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களைப் பிடித்துக் கேட்டார்கள். பாடகர் மேடையில் நகர்ந்தால் குரலும் நகர்ந்தது. பின்னாளில் ஸ்டீரியோ என்று பெயர் பெற்றதற்கு முதல் விதை அது. 1890-இல் தியாத்ரோஃபோன் என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கும் சேவையாக வளர்ந்து, 1932 வரை நடந்தது. எழுத்தாளர் புரூஸ்த் கூட சந்தாதாரர்தான்.

1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் ஸ்டீரியோ பதிவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1940-இல் டிஸ்னியின் 'ஃபான்டேசியா' படம் அரங்கைச் சுற்றி ஒலி தந்தது. நம் பக்கம், 1978-இல் இளையராஜாவின் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தன. 1986-இல் 'மாவீரன்' 70 எம்.எம். படம் ஆறு தட ஒலியோடும், 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவிலும் வந்தன. வீட்டில் கேட்பதற்கும் 1999-இல் எஸ்.ஏ.சி.டி., அடுத்து டிவிடி-ஆடியோ என்று புதிய இசைத் தட்டுகள் வந்தன.

குமாஸ்தா புத்தி கணக்குப் பார்க்காமல் விடுமா? சாதாரண சிடி, ஒரு நொடியில் ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இரண்டு தடம் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். பேரன் வைத்த பதிவு 96,000 முறை, 24 பிட், ஆறு தடம். சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்கு 100 மெகாபைட்டுக்கு மேல். ஒரு முழு சிடியில் சில நிமிடங்கள்தான் அடங்கும்! ஃபிளாக் முறையில் சுருக்கினால் இடம் மிச்சமாகும். ஒலியில் ஒரு துளியும் குறையாது.

கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி ரிசீவருக்குப் போகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: கணினியின் ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாவற்றையும் இரண்டு தடமாகக் கலந்து அனுப்பிவிடும். பின்பக்கப் பெட்டிகள் ஊமையாகவே இருக்கும். முதல் நாள் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நல்ல இளங்காதுக்கே 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அதற்கு சிடியின் 44,100 போதும். என் காதுக்கு 96,000 வீண்தான். ஆனால் ஆறு தடம் வீணில்லை. இரண்டு பெட்டி ஸ்டீரியோவில் நடுவில் நிற்கும் பாடகர், இரண்டு காதும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு தோற்றம். இங்கே நடுவில் உண்மையாகவே ஒரு பெட்டி இருக்கிறது. குரல் அங்கிருந்துதான் வருகிறது. முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் என் இடது காது அதைப் பிடித்துக்கொள்கிறது. வயலின் ஓரிடம், மிருதங்கம் ஓரிடம் என்று பிரிந்து கேட்டபோது, சிறுவயதில் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் முன்னால் நாகஸ்வரமும் பின்னால் தேர் வடம் பிடிப்பவர்களின் ஆரவாரமுமாக நின்றது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

ஒரு குறையும் உண்டு. என்னிடமுள்ள பழைய நாகஸ்வர கேசட்டுகள் எல்லாம் ஒரே தடம். அவற்றை ஆறாகப் பிரித்துத் தரும் மென்பொருள் உண்டு என்றான் பேரன். வேண்டாம் என்றேன். பதிவு செய்த அன்று வாங்காத திசையை இன்று கணினி கற்பனை செய்துதானே தர வேண்டும்? அதை ஒரே பெட்டியில், உள்ளது உள்ளபடி கேட்கிறேன்.

வருகிற மார்கழியில் சுசீந்திரம் தேருக்குப் போவதாக இருக்கிறேன். மனைவி என் வலது பக்கம் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.