பட்டறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே

பட்டப்படிப்போடு தொழிலிடப் பயிற்சியையும் இணைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது கல்லூரிகளில் அடிக்கடி எழுகிறது. பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டது. இதைப் புதிய சிந்தனை என்று கருதுவோர் பலர். ஆனால், இதற்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1872இல் பிறந்தவர் ஹெர்மன் ஷ்னைடர். லீஹை பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த நாட்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். தொழிலில் சிறந்து விளங்கிய பட்டதாரிகளில் பெரும்பாலோர் படிக்கும் காலத்திலேயே எங்கேனும் வேலை பார்த்தவர்கள். அங்கிருந்து, இயந்திரக் கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சின்சினாட்டிக்கு 1903இல் சென்றார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1906இல், 27 மாணவர்களுடன் தம் சோதனையைத் தொடங்கினார்.

ஏற்பாடு எளிமையானது. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்க்கப்பட்டனர். ஒருவன் பட்டறையில் இருக்கும் வாரம் மற்றவன் வகுப்பில் இருப்பான்; மறுவாரம் இடம் மாறுவார்கள். பட்டறையில் வேலை தடைப்படவில்லை, வகுப்பும் வெறிச்சோடவில்லை. செய்த வேலைக்குக் கூலி உண்டு. அதற்கு ஈடாகப் படிப்புக்காலம் ஆறு ஆண்டுகளாக நீண்டது.

இம்முறையின் உயிர்நாடி இந்தக் கால அட்டவணை அன்று என்பதே என் கருத்து. ஷ்னைடர் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்றொரு ஆசிரியரை இதில் அமர்த்தினார். அவர் பட்டறைக்கே சென்று மாணவன் செய்யும் வேலையைப் பார்ப்பார். அவன் வகுப்புக்குத் திரும்பியதும் அந்த வேலைக்கும் பாடத்துக்கும் உள்ள உறவை எடுத்துரைப்பார். இரண்டு உலகங்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தவர் அவர்தாம். அவர் இல்லையேல் பட்டறை மலிவான ஆட்களைப் பெற்றிருக்கும். கல்வி எதுவும் பெற்றிருக்காது.

இது பொறியியலுக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல இயலாது. 1921இல், ஆர்தர் மார்கன் தலைமையில் ஆண்டியோக் கல்லூரி இம்முறையைக் கலைப் படிப்புகளுக்கும் விரித்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் இதனுடனேயே தொடங்கிற்று.

என் மாணவி ஒருத்தி ஒரு மாதம் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்துவிட்டு வந்தாள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றித் தனக்கு எழுந்த ஐயங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். இலக்கண வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியும் எழாத ஐயங்கள் அவை. அவற்றைப் பேசித் தீர்க்க எங்கள் கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்தோம், மதிப்பெண்ணும் வழங்கினோம். குறிப்பேட்டை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

ஷ்னைடரின் திட்டத்தில் வாரக் கணக்கையும் மதிப்பெண்ணையும் எளிதில் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கும் ஆசிரியருக்குப் பணிநேரம் ஒதுக்காதவரை, நாம் எடுத்துக்கொண்டது கூடு மட்டுமே.