ஆழம் கேட்ட செவிகள்: காங்கார் முதல் எதிரொலிமானி வரை

சிங்கப்பூரில் செங்காங் என்னும் அடுக்குமாடிப் புதுநகர் 1990களில் உருவாகத் தொடங்குவதற்கு முன்னர், அப்பகுதியின் கடல்சார் வாழ்வு சிராங்கூன் ஆற்றங்கரையில் இருந்த காங்கார் என்னும் மீனவக் கிராமத்தை மையமாகக் கொண்டிருந்தது. லிட்டில் இந்தியா வழியே செல்லும் சிராங்கூன் சாலை, அப்பர் சிராங்கூன் சாலையாக நீண்டு முடிவுற்ற இடமும் அதுவே. தியோச்சியூ சீனர் திரளாக வாழ்ந்த அக்கிராமத்துப் படகுகள் ஆற்றுமுகத்தைக் கடந்து ஜொகூர் நீரிணையில் தொழில் செய்தன. அந்நீர்ப்பரப்பில் கேலோங் எனப்படும் நிலைப்பொறிகளும் இருந்தன. நிபோங் பனையின் தண்டுகளைக் கடலடிச் சேற்றில் அறைந்து, நீண்ட வேலி ஒன்றினால் மீன்களை உள்ளறைக்குத் திருப்பி, இரவில் விளக்கொளியில் வலையைத் தூக்கி அள்ளும் அமைப்பு அது. உயரோதக் காலத்தில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் மாறும் இக்கடலில், கழியின் நீளத்தையும் தூண்டில் கயிற்றை விடும் அளவையும் தீர்மானிக்க ஆழத்தைப் பற்றிய அறிவு இன்றியமையாததாயிற்று.

அவ்வறிவுக்கு உடலே அளவுகோலாக இருந்தது. இரு கைகளையும் விரித்த நீளத்தை மலாய் மீனவர் டெப்பா என்றும், தமிழகக் கடலோர மீனவர் பாகம் என்றும் வழங்கினர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தரைதட்டும் வரை இறக்கி, பின் கைவீச்சினால் அளந்தெடுப்பது உலகின் பல கடற்கரைகளுக்கும் பொதுவான முறை. ஆயினும் குண்டு தரையின் ஆழத்தைச் சொல்லுமேயன்றி, மீன் நிற்கும் ஆழத்தைச் சொல்லாது. இக்குறையை மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையினர் வியக்கத்தக்க வகையில் நிறைவு செய்தனர். மானுடவியலாளர் ரேமண்ட் ஃபர்த், 1939-40இல் கிளந்தானில் தங்கி ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட நூலில், ஜூரு செலாம் எனப்படும் மீன்பிடி வல்லுநரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மீன்களை ஈர்க்கத் தென்னங்கீற்றுகளைக் கட்டி மிதக்கவிட்ட இடத்தில் இவர் நீரில் இறங்கி, தலையை அமிழ்த்திக் காதுகொடுத்து, எவ்வகை மீன் வந்துள்ளது, கூட்டம் பெரிதா சிறிதா என்பதை ஒலியினால் அறிந்து, வலையை இறக்கும் தருணத்தை முடிவு செய்தார்.

மேலைநாட்டில் நீரடி ஒலியறிதலின் வரலாறு வேறு காரணத்தால் தொடங்கியது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் பனிப்பாறையை முன்கூட்டி அறியும் வழிகள் தேடப்பட்டன. 1914இல் ரெஜினால்ட் ஃபெசன்டன் நீருக்குள் ஒலியெழுப்பி, ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். முதல் உலகப்போரின்போது பிரான்சில் போல் லாங்ஷவான் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு, செவிக்கு எட்டாத மீயொலியை உண்டாக்கினார். போர்த்தேவைக்காக உருவான இந்நுட்பத்தை, 1948இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் மீன்காட்டும் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

எதிரொலிமானி எனப்படும் அக்கருவியின் செயல்முறை எளியது. ஒலித்துடிப்பு ஒன்று கீழ்நோக்கி அனுப்பப்பட்டு, அது திரும்பிவர ஆகும் நேரம் அளக்கப்படுகிறது. வெப்பமண்டலக் கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்வதால், 20 மீட்டர் ஆழத்தின் எதிரொலி ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு நொடியில் வந்துசேரும். உறைபனி மூடிய ஏரியின் நன்னீரிலோ அவ்வேகம் ஏறத்தாழ 1,400 மீட்டராகக் குறைகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனித்தரையில் துளையிட்டு மீன்பிடிப்போர், உணர்கருவியைத் துளையில் தொங்கவிட்டு, மீன்களின் எதிரொலியோடு தம் இரையின் எதிரொலியையும் ஒரே திரையில் கண்டு, இரை மீனுக்குச் சற்று மேலே நிற்குமாறு கயிற்றைச் சரிசெய்கின்றனர். காங்காரின் மீனவன் அனுபவத்தால் ஊகித்த அளவு, இங்கே கண்முன் தெரிகிறது.

திரையில் தெரியும் அந்த எதிரொலியின் பெரும்பகுதி மீனின் தசையிலிருந்தன்று, அதனுள் இருக்கும் காற்றுப்பையிலிருந்தே வருகிறது. காற்றுப்பை இல்லாத வஞ்சிரம் அதனால்தான் மங்கலாகத் தெரிகிறது. கத்தாளை மீன் அதே காற்றுப்பையின்மேல் தசைகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. ஆக, அதன் குரலைக் கேட்ட ஜூரு செலாமும், அதன் எதிரொலியைப் பெறும் கருவியும் ஒரே உறுப்பையே நம்பியிருக்கின்றனர். ஒலிவழி மீனறிதலின் வரலாற்றை ஆய்வுக்கூடங்களிலிருந்து மட்டும் தொடங்குவது, இதனால் நியாயமாகாது.

காங்காரில் பழைய முறை மறைந்ததற்குக் கருவி காரணமன்று. கேலோங்குகளுக்குப் புதிய உரிமங்கள் வழங்குவது 1960களில் நின்றது. கிராமத்தின் மீன்சந்தை 1980களில் பொங்கோலுக்கும், அங்கிருந்து 1997இல் செனோக்கோவுக்கும் இடம்பெயர்ந்தது. சிராங்கூன் ஆற்றின் முகத்துவாரம் அணையிடப்பட்டு 2011இல் நன்னீர்த் தேக்கமாயிற்று. கடல்மீனும் ஏற்றவற்றமும் அதனுள் புக இடமில்லை.

எதிரொலிமானி ஆழத்தைத் துல்லியமாகக் கூறினும், இன்ன மீன் என உறுதியாகப் பெயர் சொல்வதில் இன்றும் தடுமாறுகிறது. ஆகவே கத்தாளை இனங்கள் முட்டையிடும் இடங்களைத் தேடும் ஆய்வாளர்கள், எந்த ஒலியையும் அனுப்பாமல், நீரடி ஒலிவாங்கிகளை இறக்கி அம்மீன்களின் குரலையே பதிவு செய்து வருகின்றனர்.