ஹந்தானைச் சாரலில் ஒரு கௌபோய்க் கதை

அம்பிட்டியவில் வாழும் எமக்கு ஹந்தானை அயல் மலை. அதன் தேயிலைச் சாரலில் 1983ஆம் ஆண்டு 'மாயாப்பூர்' என்ற இந்தியக் கிராமம் ஒன்று எழுந்தது. ஸ்டீவன் ஸ்பில்பேர்க் நெறிப்படுத்தி 1984இல் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' திரைப்படத்திற்கென அமைக்கப்பட்ட கிராமம் அது. திரைக்கதை இழிவானதெனக் கருதிய இந்திய அரசு மாற்றங்களைக் கோரியமையால், படக்குழுவினர் கண்டிக்கு வந்தனர்.

இப்படத்தின் மூலத்தை நோக்குதல் பயனுடைத்து. ஜோர்ஜ் லூகாஸ் பழைய தொடர்படங்களை நினைவிற் கொண்டே இண்டியானா ஜோன்ஸைப் படைத்தார். அவ்வகையில் 1935இல் 12 பகுதிகளாக வந்த 'த பாண்டம் எம்பயர்' குறிப்பிடத்தக்கது. ஜீன் ஓட்ரி என்னும் பாடும் கௌபோய், தன் பண்ணைக்குக் கீழே இயந்திர மனிதர் உலாவும் மூரேனியா எனும் பாதாள அரசைக் காண்கிறான். கௌபோய்க் கதையும் விஞ்ஞானப் புனைவும் அங்கு கைகோத்தன. ஹந்தானைக் கதையின் பாதாளத்திலோ விஞ்ஞானத்தின் இடத்தைப் பயங்கரம் பிடித்துக்கொள்கிறது. அம்ரிஷ் பூரி ஏற்ற பூசகன் உயிரோடிருப்பவனின் இதயத்தைப் பிடுங்குகிறான். இத்தகைய கோரக் காட்சிகளுக்கு எழுந்த கண்டனம், 1984 ஜூலையில் அமெரிக்காவில் 'பிஜி-13' என்னும் தரப்படுத்தல் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

எனினும் கௌபோய்க் கதையின் கட்டமைப்பு மாறவில்லை. அங்கு பகைவர் செவ்விந்தியர், இங்கு இந்தியர். அங்கு இறுதி வேளையில் குதிரைப்படை வந்து காக்கும். இங்கு பிரித்தானிய இராணுவம் வந்து காக்கிறது. 1935இல் நிகழ்வதாகக் காட்டப்படும் கதையில் அந்நிய ஆட்சியாளர் மீட்பராகின்றனர். எம் தோட்டங்களில் தாயென வணங்கப்படும் காளி கொடுமையின் சின்னமாகிறாள். இந்தியக் கிராமத்தவர் சிங்களம் பேசுவதும் படைத்தோர்க்கு ஒரு பொருட்டாகவில்லை.

வரலாறு கூறுவது வேறு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்து மக்களை இம்மலைகளுக்குக் கொணர்ந்தது பிரித்தானியரின் பெருந்தோட்ட முறையே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. படப்பிடிப்பு நடந்த அதே 1983இன் ஜூலையில் தமிழர் கண்ட பயங்கரம் கற்பனையன்று. திரையில் சிறுவர் சுரங்கத்தில் அடிமைப்படுகின்றனர். மாயாப்பூர்க் கிராமத்திற்கு நிலைக்களனான மலைநாட்டில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தோரின் கதைக்கோ அங்கு இடமில்லை.

இத்தகைய கலவைப் படங்களைச் சுவைத்தல் தவறன்று. ஆயின், அவற்றில் பேயாக நிறுத்தப்படுபவர் யார், மீட்பராக வருபவர் யார் என வினவுதல் வரலாறு பயில்வோரின் கடனாகும்.