பளிங்கு மனிதனும் மரிச்ஜாப்பியும்

ஒட்டன்சத்திரத்தில் மூட்டை தூக்கியவர் எங்கப்பா. 'சங்கத்துல சேந்த பெறகுதாண்டா வாடா போடா நின்னுச்சு' என்பார். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டது, கூலி கேட்டு செங்கொடியின் கீழ் நின்றதற்காக. அந்தக் கொடி மேல் மரியாதை உள்ளவனாகத்தான் இதை எழுதுகிறேன்.

போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாஜ்தாவின் 'பளிங்கு மனிதன்' (1977) படத்தை நண்பர்களோடு பார்த்தேன். 1950களில் நோவா ஹூட்டா என்ற உருக்காலை நகரத்தைக் கட்டிய ஒரு கொத்தனாரின் கதை. பேரு பிர்குட். செங்கல் அடுக்குவதில் சாதனை செய்கிறான். அரசு அவனுக்குப் பளிங்கில் சிலை வைக்கிறது. ஒருநாள் கொதிக்கும் செங்கல்லை எவனோ கையில் கொடுக்க, கை வெந்துபோகிறது. பழியைச் சுமந்து கைதான கூட்டாளிக்காக நியாயம் கேட்கிறான். அவனுக்கும் ஜெயில். சிலை கிடங்குக்குப் போகிறது. தொழிலாளி பேரால் ஆண்ட அரசு, வாய் திறந்த தொழிலாளியைத் தாங்கவில்லை. பிர்குட் 1970 போராட்டத்தில் செத்ததைச் சொல்லும் முடிவைத் தணிக்கை வெட்டியது. 1981இல் 'இரும்பு மனிதன்' எடுத்துத்தான் வாஜ்தாவால் அதைச் சொல்ல முடிந்தது.

படம் முடிந்ததும் எனக்கு மரிச்ஜாப்பி ஞாபகம் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த நாமசூத்திர சனங்களைத் தண்டகாரண்யத்துக்கு விரட்டியிருந்தார்கள். வங்கத்திலேயே இடம் கொடு என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது இடதுசாரிகள் கேட்டார்கள். 1977இல் ஆட்சிக்கு வந்தார்கள். அந்தப் பேச்சை நம்பி 1978இல் கிளம்பி வந்த சனங்கள், சுந்தரவனத் தீவான மரிச்ஜாப்பியில் அரசிடம் பைசா வாங்காமல் குடிசை போட்டு, கிணறு தோண்டி, பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காட்டை ஆக்கிரமித்தார்கள் என்றது ஜோதிபாசு அரசு. 1979 ஜனவரியில் போலீஸ் படகுகள் தீவை வளைத்தன. அரிசியும் தண்ணியும் மருந்தும் மறிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செத்தவர்களை அரசு விரல்விட்டு எண்ணியது. நூற்றுக்கணக்கில் என்கிறார்கள் தப்பியவர்கள்.

பிர்குட்டுக்காவது கிடங்கில் ஒரு சிலை இருந்தது. தேடி வர ஒரு சினிமா மாணவி இருந்தாள். இங்கே 34 வருஷம் நீடித்த இடது முன்னணி ஆட்சி 2011இல் முடிந்த பிறகும் செத்தவர்களின் முழுப் பட்டியல் நம் கையில் இல்லை. வர்க்கம் பேசிய நம் மேடைகளும் இதைப் பேசவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அவங்களுக்குச் சங்கம் கிங்கம் இல்லியாடா?' என்றார்.

'இருந்துச்சுப்பா. அவங்களே வச்ச சங்கம். கட்சி சொல்லுக்கு அடங்கல.'

அப்பா ஒன்றும் பேசவில்லை. நாம் பேச வேண்டும், தோழர்களே.