பெயர்ந்த மண்ணில் நட்ட மருந்தகம்
ஹகீம் முஹம்மது ஸயீத் ஸாஹிப் (1920 – 1998)



நோன்பு திறக்கும் நேரத்தில் நமக்குக் கஞ்சி எப்படியோ, அப்படியே வடநாட்டு முஸ்லிம்களுக்கு ரூஹ் அஃப்ஸா என்னும் செந்நிறச் சர்பத். டில்லியின் கோடை வெப்பத்தைத் தணிக்க யூனானி முறையில் காய்ச்சப்பட்ட பானம் அது. அதைத் தந்த ‘ஹம்தர்த்’ மருந்தகத்தை ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் அவர்கள் 1906ஆம் ஆண்டு பழைய டில்லியில் தொடங்கினார்கள். ஹம்தர்த் என்றால் பிறர் வலியில் பங்கு கொள்பவர் என்று பொருள்.

நிறுவனர் 1922இல் மறைந்தபோது மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு வயது பதினான்கு. இளையவர் முஹம்மது ஸயீதுக்கு இரண்டு. தாயார் ராபிஆ பேகம் அவர்கள் கடையையும் பிள்ளைகளையும் ஒருசேரக் காத்தார்கள். தம்பிக்குத் தகப்பன் முகம் நினைவில்லை. தமையனே தந்தையும் ஆசானுமாக நின்றார். பிற்காலத்தில் பிறர் பிள்ளைகளை அரவணைத்த அந்தக் கைக்கு, அரவணைப்பைக் கற்றுக்கொடுத்தது இந்த இல்லம்தான் என்பது நமது எண்ணம்.

ஹகீம் அஜ்மல் கான் டில்லியில் நிறுவிய திப்பிய்யா கல்லூரியில் பயின்று, தமையனுடன் மருந்தகத்தில் உழைத்துவந்த ஸயீத் அவர்கள், நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948ஆம் ஆண்டு தொடக்கத்தில் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். அண்ணன் டில்லியிலேயே தங்கிவிட்டார். செழித்திருந்த குடும்பத் தொழிலை விட்டுச் சென்றவர், அங்கே சிறிய அளவில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

இனி வருவதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே 1948இல் டில்லி ஹம்தர்தை அண்ணன் வக்ஃபு செய்தார். தம்பியும் கராச்சி ஹம்தர்தை 1953இல் வக்ஃபு செய்தார். வக்ஃபு என்றவுடன் பள்ளிக்கு எழுதிவைத்த நஞ்சையும் கடை வாடகையுமே நம் நினைவுக்கு வரும். இவர்களோ, இயங்கிக்கொண்டிருக்கும் மருந்துத் தொழிலையே வக்ஃபாக்கி, அதன் இலாபத்தைக் கல்விக்கும் மருத்துவத்திற்கும் திருப்பினார்கள். எல்லைக்கு இருபுறமும் இருந்த உடன்பிறந்தார் இருவரும் ஒரே வழியைத் தேர்ந்தது வியப்பிற்குரியது.

அவ்வருவாயிலிருந்து எழுந்தவை பல. மருந்தியல் குறித்து அல்பீரூனி எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் அரபு நூலை, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1973இல் கராச்சி ஹம்தர்த் வெளியிட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள நூல் அது. கராச்சிக்கு வெளியே ‘மதீனத்துல் ஹிக்மா’ என்னும் அறிவு நகரும், அதனுள் பள்ளிக்கூடமும் பெரும் நூலகமும், 1991இல் பல்கலைக்கழகமும் உருவாயின.

ஆயினும் ஹகீம் ஸாஹிபின் உள்ளம் பெரிதும் தங்கியது குழந்தைகளிடமே. ‘நவ்னிஹால்’ என்னும் சிறுவர் மாத இதழை 1953 முதல் நடத்தி, “விழித்தெழுங்கள், பிறரையும் எழுப்புங்கள்” என்ற பொருளுடைய தலைப்பில் தாமே அதில் எழுதிவந்தார்கள். சிறுவர்கள் மேடையேறி நாட்டு நடப்பைப் பேசும் மன்றங்களை ஏற்படுத்தி, பெரியவர்களை அமர்ந்து கேட்கச் செய்தார்கள். (நம் கூட்டங்களில் பிள்ளைகளுக்குக் கிராஅத் ஓதியபின் வேறு வேலை தருவதில்லை!)

நாடி பார்க்க அவர்கள் கட்டணம் பெற்றதில்லை. 1993 – 94இல் சிந்து மாகாண ஆளுநராக இருந்த காலத்திலும் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை.

1998 அக்டோபர் 17 அன்று அதிகாலை, கராச்சியில் தம் சிகிச்சைக்கூடத்தின் வாசலில் ஹகீம் ஸாஹிப் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நோயாளிகளைப் பார்க்க வந்த நேரம் அது. அன்று அவர்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது எழுபத்தெட்டு.

டில்லியில் ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகத்தை 1989இல் உருவாக்கியிருந்த தமையனார் ஹகீம் அப்துல் ஹமீத் அவர்கள், தாம் வளர்த்த தம்பியின் மரணச் செய்தியைத் தொண்ணூறாவது வயதில் கேட்டார்கள். ஒன்பது மாதங்கள் கழித்து, 1999 ஜூலையில், அவர்களும் டில்லி மண்ணில் அடக்கமானார்கள்.